இசைத்தட்டில் இருந்த பெயர்

எனக்குக் கல்லறை இருக்கிறது. காரைக்கால் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் நுழைந்ததும் இடதுபக்கம், நாலாவது வரிசை. சிமெண்ட் சிலுவை, கறுப்புக் கல், அதில் என் பெயர்: வில்சன். பிறப்பு 1959, இறப்பு 1975. வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நான்தான் போய்ப் புல் பிடுங்கி, வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றுகிறேன். சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். வேறு எவனுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்.

இது பேய்க்கதை இல்லை, காகிதக் கதை. என் பெரியப்பா பிலோமின்ராஜ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சைகோனில் குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை, எல்லாம் உண்டு. அவர் தம்பியான என் அப்பாவோ, ‘பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்’ என்று, காரைக்கால் இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்த அறுபத்திரண்டில் சொன்னபோது, ‘கொடுத்தால் போகிறது’ என்று அந்த ஆறு மாதத்தையும் டீக்கடையில் கழித்தவர். எழுபத்தைந்தில் சைகோன் விழுந்தது. பெரியப்பா பெரியம்மாவையும் ஒரே மகன் டென்னிஸையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். காகிதமெல்லாம் தயார். டென்னிஸின் தாளில் படம் ஒட்டுவது மட்டும் பாக்கி. அந்தச் சமயத்தில் அவன் நோயில் விழுந்து செத்துப்போனான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, பதினாறு. ஒரே மூக்கு.

பிணம் கூடத்தில் கிடக்கும்போதே பெரியப்பா என் அப்பாவைக் கொல்லைக்குக் கூப்பிட்டுப் பேசினார். கிணற்றடியில் நின்ற எனக்கும் கேட்டது.

“சாவ வில்சன் பேர்ல எழுதிடுவோம்டா. ஒம் மவன் என் மவனா வரட்டும். அந்தக் காயிதம் வீணா போச்சுன்னா ரெண்டு புள்ளையும் போன மாதிரிதான்.”

அப்பா அழுதார். அழுதுகொண்டே தலையை ஆட்டினார். சாவு என் பெயரில் பதிவானது, கோயிலில் மணி என் பெயருக்கு அடித்தது. என்னை அன்றைக்கே வேளாங்கண்ணியில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் அடக்கத்துக்கு நான் போகவில்லை.

ஊருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் எந்த வீட்டில் எந்தக் காகிதம் எப்படி வந்தது என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. கேட்டால் திரும்பக் கேட்பார்கள். அதனால் ஊரும் சேர்ந்து என்னை டென்னிஸ் என்றது. நான் லீவில் வரும்போது பெற்ற தாயே வாசலில் நாலு பேர் எதிரில், “வாங்க டென்னிஸ் தம்பி” என்பாள். யாரும் இல்லாதபோது எந்தப் பெயரும் வேண்டாமென்று “ராசா” என்பாள். தொண்ணூற்றெட்டில் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை என் பெயர் அவள் வாயில் வரவில்லை. அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்காக என்னையும் மன்னிக்கவில்லை.

இனி இசைத்தட்டுக்கு வருகிறேன்.

போன அக்டோபரில் ஒருநாள் காலை, ஞானமேரி பூசைக்குப் போயிருந்தாள். ஞானமேரி என் மனைவி. என் கதை தெரிந்துதான் என்னைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் இருவரும் பாரீஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, நான் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காரைக்கால் கோவில்பத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். மூன்று பக்கமும் இரும்புக் கிராதி போட்ட வீடு. ‘பிரான்ஸ்காரர் வீடு’ என்றால் பால்காரனுக்குக்கூடத் தெரியும். அந்தக் கிராதிக்குள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது, பிரெஞ்சில்.

எழுதியவன் மத்தியூ, முப்பது வயசுக்காரன். பழைய பங்க் பாட்டுகளைத் தேடித் தொகுத்து வெளியிடுவதுதான் அவன் தொழில், வெறி, பக்தி எல்லாம். புகழ்பெற்றவர்களை அவன் சீண்டுவதில்லை. முந்நூறு தட்டு அடித்து, அதில் இருநூற்றைம்பது விற்காமல், மூன்றே மாதத்தில் கலைந்துபோன கோஷ்டிகள்தான் அவனுக்கு வேண்டும். பாடியவன் இப்போது குழாய் ரிப்பேர் செய்கிறவனாகவோ தபால்காரனாகவோ இருக்க வேண்டும். செத்துப்போயிருந்தால் இன்னும் விசேஷம். அப்படிப் பதினாறு பாட்டுகளை ஒரே தொகுப்பில் போடுகிறானாம். அதில் ஒன்று அவனுக்கு ஒரு சந்தையில், தரையில் கிடந்த அட்டைப்பெட்டிக்குள் கிடைத்ததாம். மொழி புரியவில்லை. பாரீஸில் ஒரு மளிகைக்கடைக்காரரிடம் போட்டுக் காட்டியபோது தமிழ் என்றாராம். தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் ‘பாட்டும் குரலும்: வில்சன்’ என்று இருக்கிறது. கோஷ்டியில் டிரம்ஸ் அடித்த போர்த்துகீசியனைப் பிடித்துவிட்டான். அவனோ, ‘பாடியவன் டென்னிஸ் என்கிற இந்தியன், பெயரை மட்டும் ஏனோ வில்சன் என்றுதான் போட வேண்டும் என்று அடம் பிடித்தான்’ என்றிருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு என் மகள் பெனிட்டா வழியாக என்னிடம் வந்து சேர்ந்துவிட்டான்.

‘வில்சன் யார்? எங்கே இருக்கிறார்? எழுதியவரின் கையெழுத்து இல்லாமல் நான் எதையும் வெளியிடுவதில்லை’ என்று முடித்திருந்தான். கூடவே பாட்டையும் அனுப்பியிருந்தான்.

நாற்பத்து நாலு வருஷம் ஆகிறது நான் அதைக் கேட்டு. என்னிடம் இருந்த ஒரே தட்டைப் பெரியப்பா முழங்காலில் வைத்து உடைத்துப்போட்டார். பாட்டை அழுத்தினேன்.

பங்க் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிட்டாரைச் சுருதி சேர்க்கத் தெரியாது, தெரிந்தாலும் சேர்க்கக் கூடாது. மூன்று ஸ்வரங்கள் போதும். குரல் நன்றாக இருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கோபம் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். எண்பதாம் வருஷம், எனக்கு இருபத்தொரு வயது. பகலில் தொழிற்சாலை. சாயங்காலம் பெரியப்பா வீட்டில் சோறு. பெரியம்மா என்னை எந்தப் பெயரிலும் கூப்பிட மாட்டாள்; தட்டை வைத்துவிட்டு மேசையை இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் போய் உட்கார வேண்டும். தன் மகனின் சட்டையைப் போட்டுக்கொண்டு எவனோ சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு அந்தத் தட்டல் மண்டைக்குள் அடிக்கும். தொழிற்சாலைத் தோழன் அந்தப் போர்த்துகீசியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு நிலவறைக்குக் கூட்டிப்போனான். நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ‘உனக்குக் கத்த ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டான். இருந்தது.

எம் பேரு வில்சன்!
வில்சன் சாவல!
பொட்டில வெச்சு ஆணி அடிச்சாலும்
வில்சன் சாவல!

அவ்வளவுதான் பாட்டு. அதையே பதினோரு தடவை. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி. சுற்றி நின்ற ஒருத்தனுக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை, அதனால்தான் என்னால் கத்த முடிந்தது. முந்நூறு தட்டு அடித்தோம். அட்டையை நாங்களே வெட்டி, நாங்களே பசை தடவி ஒட்டினோம். ‘பெயர் என்ன போடுவது?’ என்று கேட்டபோது வில்சன் என்றேன். அந்த நாளைப்போல ஒரு நாள் என் வாழ்க்கையில் அப்புறம் வரவில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பதினாறு வயதுக்கு அப்புறம் என் பெயர் உலகத்தில் இரண்டே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று கல்லறையில், ஊரார் எழுதியது. இன்னொன்று அந்தத் தட்டில், நான் எழுதியது.

இப்போது எவனோ அதை மறுபடி அச்சடிக்கிறேன் என்கிறான். எழுதியவன் வில்சன் என்று போட்டு உலகமெல்லாம் அனுப்புகிறேன் என்கிறான். எனக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பெயர் அந்தத் தட்டில் மறுபடி வந்தால் போதும், நான் நிம்மதியாகச் சாவேன் என்று நினைத்தேன்.

ஆனால் கையெழுத்து? வில்சன் போட முடியாது. அவனுக்குக் காகிதத்தில் சாவு. டென்னிஸ் போட்டால் வில்சன் யார் என்ற கேள்வி வரும். நான்தான் வில்சன் என்றால் டென்னிஸ் இல்லை என்றாகும். டென்னிஸ் இல்லையென்றால் ஞானமேரிக்குக் குடியுரிமை இல்லை, பெனிட்டாவுக்கு இல்லை, பெனிட்டாவைக் கட்டிக்கொண்டு போன மாப்பிள்ளைக்கு இல்லை, அங்கே பிறந்த இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் கேள்விக்குறி. ஒரு நூலை இழுத்தால் மொத்தச் சேலையும் பிரிந்துவிடும். பெனிட்டா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. வில்சன் என்றால் அப்பாவோடு பிறந்தவன் மாதிரி இருந்து சின்ன வயசில் செத்த சித்தப்பா, அவ்வளவுதான்.

பூசை முடிந்து வந்த ஞானமேரியிடம் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முக்காட்டை எடுக்காமல் நின்று கேட்டாள்.

“இது எப்பங்க?”

“எம்பதுல.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“சொன்னா என்ன செய்வ?”

“நிறுத்தச் சொல்லுவேன். இப்பவும் அதான் சொல்றேன், நிறுத்துங்க. வேணாம்னு ஒரு வார்த்த எழுதிப் போட்டுட்டுச் சும்மா கெடங்க. பேரப்புள்ளைவ படிக்கணும்.”

“ஒம் பேர எவனாச்சும் மாத்தி வெச்சிருந்தாத் தெரியும்.”

“தெரிஞ்சு என்னா ஆவப்போவுது? ஒங்களுக்குச் சோறு போட்டது அந்தப் பேருதான்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். வேண்டாம் என்றும் எழுதாமல், சரி என்றும் எழுதாமல் இரண்டு வாரம் கடத்தினேன். மத்தியூ நாளுக்கொரு செய்தி அனுப்பினான். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரைக்குப் போனேன். அவ்வளவு பெரிய கடல், அவ்வளவு வெட்டவெளி. ஒரே ஒரு தடவை கத்திப் பார்த்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “வில்சன்!” என்று வந்தது, பாட்டு மாதிரி இல்லை, யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

ஃபைபர் படகோரம் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

“யாரு சார் வில்சன்? போட்டுல போயிருக்காரா?”

“இல்ல. சும்மா.”

“நீங்க டென்னிஸ் சார்தான? கோவில்பத்து?”

“ஆமா,” என்றேன். வேறென்ன சொல்வது? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லறையைப் பூவால் சோடித்து மெழுகுவத்தி ஏற்றியதும் படம் எடுத்து, பிரான்சில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், ‘செத்தவங்கள மறந்துட்டீங்களா?’ என்று அங்கிருந்து போன் வரும். ஞானமேரி, கடைசிக் காலத்தில் ஊருக்கே திரும்பி வந்து அடங்கிய பெரியப்பா, பெரியம்மா, என் அப்பா, அம்மா, வில்சன் என்று ஐந்து கல்லறையையும் எடுத்து அனுப்பினாள். அதோடு நிற்காமல், நான் கல்லறைத் தோட்டத்துக் குழாயில் கைகழுவிக்கொண்டிருந்த நேரத்தில், என் கைபேசியிலிருந்து மத்தியூவுக்கும் ஒரு படத்தை அனுப்பிவிட்டாள். கீழே பிரெஞ்சில் ஒரு வரி: ‘நீங்கள் தேடும் வில்சன் இறந்துவிட்டார். இனி எழுத வேண்டாம்.’

வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள், பிரச்சினையைத் தீர்த்துவிட்ட நிம்மதியோடு.

“எந்தப் படத்த அனுப்புன?”

“வில்சன் கல்லறை. வேற எத அனுப்புவாங்க?”

“அதுல என்ன வருஷம் போட்டிருக்கு?”

வருஷா வருஷம் துடைத்து மாலை போடுகிற கல். எங்கள் வீட்டில் யாரும் அதைப் படிப்பதில்லை. எழுபத்தைந்தில் செத்தவன் எண்பதில் எப்படிப் பாடுவான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“மாதாவே. நானே காட்டிக் குடுத்துட்டனாங்க?”

எனக்கு, உண்மையைச் சொன்னால், பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் வந்தது. அவன் கெட்டிக்காரன். இரண்டையும் கூட்டிப் பார்ப்பான். நான் சொல்லாமலே, நான் காட்டிக்கொடுக்காமலே, ஒருத்தன் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் ஆனது ஆகட்டும். கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் மகளையும் பேரப்பிள்ளைகளையும் நினைக்காமல் இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் பெனிட்டா கூப்பிட்டாள். எடுத்தவுடன் அழுகை. ஞானமேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, மத்தியூ எனக்கும் எல்லாத்தையும் அனுப்பிருக்கான்பா. பாட்டு, அவன் எழுதியிருக்கிறது, எல்லாம்.”

“என்னம்மா எழுதியிருக்கான்?”

“நீங்க வில்சன் சித்தப்பாவுக்காகப் பாடுனீங்கன்னு. அவரு செத்து அஞ்சு வருஷம் கழிச்சு, அவரு பேர ஒங்க பேரா வெச்சுக்கிட்டு, வில்சன் சாவலன்னு கத்தினீங்கன்னு. அவரு உசுரோட இருக்கணும்னு ஒங்க பேரையே விட்டுக்குடுத்தீங்களேப்பா. எவ்ளோ பாசம் இருந்திருக்கணும்! இத்தன வருஷம் எங்கிட்டகூடச் சொல்லலியே.”

அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது அடைத்தது. கெட்டிக்காரன்தான். இருந்ததையெல்லாம் சேர்த்து, நடந்ததைவிட அழகாக ஒரு கதை செய்துவிட்டான். ஓட்டை ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் எதற்கோ பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பெனிட்டா,” என்றேன்.

“சொல்லுங்கப்பா.”

ஞானமேரி என்னையே பார்த்தாள். கையெடுத்துக் கும்பிடவில்லை, மிரட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

“புள்ளைவ சாப்பிட்டுச்சா?” என்றேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு மத்தியூவே வீடியோவில் வந்தான். முகமெல்லாம் பூரிப்பு. அடுத்த நாளே அச்சுக்குப் போகிறதாம். அட்டையின் பின்பக்கத்தைத் திரையில் காட்டினான். பதினாறு பாட்டு, பதினாறு கோஷ்டி. ஒன்பதாவது எங்களுடையது. பக்கத்தில் ‘பாட்டும் குரலும்: டென்னிஸ்’ என்றிருந்தது.

“வில்சன் என்று இருக்க வேண்டும்,” என்றேன்.

“பழைய தட்டில் அப்படித்தான் இருந்தது. நான் திருத்திவிட்டேன்,” என்றான், சின்ன உபகாரம் செய்தவன்போல.

“திருத்த வேண்டாம். வில்சன் என்றே போடு. என் பெயர் வராவிட்டால் பரவாயில்லை.”

“உங்கள் மனசு எனக்குப் புரிகிறது ஐயா. ஆனால் முடியாது. எழுபத்தைந்தில் இறந்தவர் எண்பதில் எழுதியதாக நான் அச்சடித்தால், இதையெல்லாம் வாங்குகிறவர்கள் என்னைக் கிழித்துவிடுவார்கள். அவர்களுக்குத் தேதி முக்கியம். நாற்பத்து நாலு வருஷமாக ஒரு தப்பான பெயர் சுற்றிக்கொண்டிருந்தது. இனிமேல் இருக்காது. ஒப்புதல் தாளிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் வேண்டும்.”

“நான் ஒத்துக்கொள்ளாவிட்டால்?”

அவன் முகம் வாடியது. “பாட்டை எடுத்துவிடுவேன். பதினைந்தோடு வெளியிடுவேன். ஆனால் ஐயா, என்னிடம் இருப்பது ஒரே பிரதி, அதுவும் கீறல் விழுந்தது. இப்போது வராவிட்டால் இந்தப் பாட்டு இனி இல்லை.”

நல்லவன்தான். ஊர் சேர்ந்து போட்ட முடிச்சில் கடைசி இழுப்பை இழுக்கிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பாட்டு வேண்டுமென்றால் பெயர் போகும். பெயரை விடமாட்டேன் என்றால் பாட்டும் போகும். இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மகள் குடும்பம் தெருவில் நிற்கும். திரும்பிப் பார்த்தேன். ஞானமேரி சமையலறை வாசலில் நின்று கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்ததையே திரும்பத் திரும்ப ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அவன் அனுப்பிய தாளில் விரலால் டென்னிஸ் என்று கையெழுத்துப் போட்டேன். விரல் தடுமாறவே இல்லை.

“நன்றி, நன்றி,” என்றான் மத்தியூ. “ஒரே ஒரு கேள்வி பாக்கி. அட்டைக்குள் வைக்கிற குறிப்பேட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். வில்சன் எப்படி இறந்தார்?”

அவன் செத்தான் என்று ஊர் சொன்னது, கோயில் மணி சொன்னது, அப்பா சொன்னார். நாற்பத்தொன்பது வருஷத்தில் நான் மட்டும் அதைச் சொன்னதில்லை. ஞானமேரி தவறுதலாகச் சொன்னால்கூட எழுந்து போய்விடுவேன்.

“மஞ்சள் காமாலை,” என்றேன். “படுக்கையில் கிடந்தவன் ஐஸ் வேண்டும், ஐஸ் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்போதெல்லாம் எங்கள் ஊரில் மீனுக்குத்தான் ஐஸ். நான்தான் சைக்கிளில் கடற்கரைக்குப் போய், ஒரு கட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். பாதி கரைந்துவிட்டது. மிச்சத்தை உடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.”

“அப்புறம்?”

“வில்சன் செத்துப்போயிருந்தான்.”

“எழுதிக்கொண்டேன்,” என்றான் மத்தியூ.